ஒப்பாரிக் கோச்சியும் ஒரு சல்சா இறுவட்டும்

என் மேசை இழுப்பறையில் ஓர் இறுவட்டு இருக்கிறது. உறையின் ஓரங்கள் கிழிந்துவிட்டன. வட்டின் முகத்திலும் கீறல்கள் விழுந்து, நான்காவது பாடலின் நடுவில் ஓரிடத்தில் திக்கித் திணறிப் பிறகே நகர்கிறது. வீடு மாறிய போதெல்லாம் எத்தனையோ புத்தகங்கள் தொலைந்தன. இது மட்டும் தொலையவில்லை. அரசியலும் ஆர்ப்பாட்டமும் தேர்தல் முடிவுகளும் எழுதியே காலத்தைக் கழித்த ஒரு பத்திரிகைக்காரனுக்கு இசையைப் பற்றி எழுத அருகதை உண்டா என்ற தயக்கத்தில் இதைப் பற்றி இத்தனை காலமும் எழுதாமலே இருந்துவிட்டேன். உண்மையைச் சொல்வதானால், தயக்கத்துக்குக் காரணம் இசை அல்ல. அதைப் பிறகு சொல்கிறேன்.

2003 ஆம் ஆண்டு. போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி ஓராண்டு கடந்திருந்தது. புலம்பெயர்ந்தவர்கள் சற்றுத் துணிந்து ஊர் பார்க்க வந்துகொண்டிருந்த காலம். பாரிஸில் உணவகமொன்றின் சமையற்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்த என் தமக்கையின் மகனும் மாத்தளைக்கு வந்தான். பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் வாசனைத் திரவியமும் சொக்கலேற்றும் கொடுத்தவன், எனக்கென்று நீட்டியது இந்த இறுவட்டை. பாரிஸில் லா சப்பல் பகுதி நம்மவர்களின் கடைத்தெரு என்பதை வாசகர்கள் அறிவார்கள். அதற்கு அண்மையிலேயே ஆப்பிரிக்கர்களின் கடைத்தெருவும் இருக்கிறது. அவனோடு ஒரே அடுப்படியில் வேலை செய்த செனகல் நாட்டு நண்பன் கொடுத்ததாம். அந்த நண்பனோடு சேர்ந்து வாரம் ஒருமுறை சல்சா நடனம் பயிலவும் போகிறானாம்.

"மாமா, இது ஆடுறதுக்கெண்டே போட்ட பாட்டு. இருந்து கேக்கேலாது" என்றான். பாரிஸில் யாழ்ப்பாணத்து நண்பர்களோடு இருந்து இருந்து அவனுடைய பேச்சும் மாறியிருந்தது.

விறாந்தையில் வானொலிப் பெட்டியை வைத்துப் பாடலை ஓடவிட்டான். தனியாகவே காலை முன்னும் பின்னும் வைத்து ஆடிக் காட்டினான். மூன்று அடி, ஒரு நிறுத்தம். மூன்று அடி, ஒரு நிறுத்தம். எதிரே இல்லாத ஒரு பெண்ணின் கையைப் பிடித்துச் சுழற்றுவது போல ஒரு சுழற்சி. பக்கத்து வீட்டுச் சிறுவர்கள் மதிலில் ஏறி நின்று சிரித்தார்கள். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த என் தாயார் உலக்கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"என்னடா இது, ரதி இல்லாம மதன் மட்டும் ஆடுறான்?" என்றார்.

மலையகத்தில் பிறந்தவர்களுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாசி மாதத்தில் எங்கள் தோட்டங்களில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். ரதியும் மதனும் சோடியாக ஆடி வருவார்கள். இரவுகள் பல கடந்து, சிவனின் நெற்றிக்கண்ணால் மதன் எரியும் தகனத்தோடு கூத்து நிறைவுறும். அந்த ஆட்டத்துக்கு உயிர் தப்பு. தப்பில்லாமல் காமன் கூத்தில்லை. தாயார் சொன்னதும் நானும் சிரித்தேன். ஆனால் என் விரல்கள் நாற்காலியின் கைப்பிடியில் தாமாகவே தட்டிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். கவனித்ததும் நிறுத்திக்கொண்டேன்.

அந்த இறுவட்டின் பெயர் 'ட்ரோவடோர்'. ஸ்பானிய மொழியில் ஊர் ஊராய்ச் சென்று பாடுபவன் என்று பொருள். நம் மொழியில் பாணன் எனலாம். 1993 இல் வெளிவந்தது. குழுவின் பெயர் ஆப்ரிக்காண்டோ. இப்ராஹிமா சில்லா என்ற மேற்கு ஆப்பிரிக்கத் தயாரிப்பாளரும், மாலி நாட்டைச் சேர்ந்த பொன்கானா மைகா என்ற புல்லாங்குழற் கலைஞரும் சேர்ந்து உருவாக்கியது. பாப் செக், மெதூன் ஜாலோ, நிக்கொலா மென்ஹெய்ம் என்ற மூன்று செனகல் பாடகர்களை, நியூயோர்க் நகரில் சல்சா வாசித்துத் தழும்பேறிய வாத்தியக்காரர்களோடு இணைத்தார்கள். தாளமும் பித்தளை ஊதுகுழல்களும் கியூபாவின் வழி வந்தவை. பாடலின் மொழி பெரும்பாலும் செனகலின் வொலோஃப். கேட்பவனின் காலைத் தரையில் நிற்கவிடாத இசை.

இதில் என்ன புதுமை என்று கேட்கலாம். இரண்டு நாட்டு இசையைக் கலப்பது இன்று எல்லோரும் செய்கிற காரியம்தானே! ஆனால் இது கலப்பு அல்ல, வீடு திரும்புதல். அந்தக் கதையைத் தேடி வாசித்தபோதுதான் எனக்கு இரவில் தூக்கம் போயிற்று.

கரும்புத் தோட்டங்களுக்கென்று ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாகக் கியூபாவுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அங்கே அடிமைமுறை ஒழிந்தது 1886 இல்தான். கப்பலில் வந்தவர்கள் கையில் எதுவும் கொண்டுவர முடியவில்லை. தாளத்தை மட்டும் உடம்பில் கொண்டுவந்தார்கள். கிடைத்த மரத்தில் தோல் கட்டினார்கள். கொங்கா என்றும் பொங்கோ என்றும் அவை பெயர் பெற்றன. கிளாவே என்று இரண்டு சிறு மரக்கட்டைகள் உண்டு. ஒன்றோடு ஒன்றைத் தட்டினால் 'டக்' என்று உலர்ந்த ஓர் ஓசை. மூன்று தட்டு, பிறகு இரண்டு தட்டு. அந்த ஐந்து தட்டும் திரும்பத் திரும்ப வரும். மற்ற வாத்தியங்கள் அனைத்தும் அந்த ஐந்துக்குக் கட்டுப்பட்டே நடக்க வேண்டும். கறுப்பர்களின் மேளத்தை அநாகரிகம் என்று தள்ளிவைத்த காலமும், மேளங்களைப் பறிமுதல் செய்த காலமும் கியூபாவில் இருந்தன. பிறகு அதே மேளம் அந்நாட்டின் பெருமையாயிற்று.

1933 முதல் எச்.எம்.வி. நிறுவனம் கியூப இசைத்தட்டுகளை ஆப்பிரிக்காவில் விற்பனைக்கு விட்டது. இசைத்தட்டுகளில் ஜி.வி. என்ற எழுத்துகள் இருக்கும். கடலை விற்பவனைப் பற்றிய 'எல் மனிசெரோ' போன்ற பாடல்கள் அப்படித்தான் ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் வந்திறங்கின. பாட்டனின் பாட்டனைக் கப்பலில் ஏற்றிய அதே கரையில், அவன் கொண்டுபோன தாளம் கறுப்புத் தட்டாகத் திரும்பி வந்து இறங்கியது. கேட்டவர்களுக்கு ஸ்பானிய மொழி விளங்கவில்லை. ஆயினும் கால் ஆடியது. செனகலின் டக்கார் நகரத்து இசைக்குழுக்கள் பொருள் புரியாமலே ஸ்பானியச் சொற்களை உச்சரித்துப் பாடின. விடுதலை பெற்ற மாலி நாடு 1964 இல் இசை பயில ஒரு மாணவர் குழுவைக் கியூபாவுக்கு அனுப்பியது. அதில் சென்ற இளைஞர்களில் ஒருவர்தான் இந்த பொன்கானா மைகா. அவர் ஹவானாவில் கற்றதையும், டக்காரின் பாடகர்கள் பிள்ளைப் பிராயம் முதல் கேட்டு வளர்ந்ததையும் ஒரே தட்டில் பரிமாறியதுதான் 'ட்ரோவடோர்'.

இதை வாசித்து முடித்த இரவில் எனக்கு என் பெரியப்பாவின் நினைவு வந்தது. இனி அந்தத் தயக்கத்தின் கதை.

எங்கள் குடும்பம் மாத்தளை மாவட்டத்தில் எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வேர்விட்டது. தலைமன்னாரில் கரையிறங்கி, காடு வழியே தம்புள்ளையைத் தாண்டி, மாத்தளை வரை கால்நடையாக வந்த கோப்பிக் காலத்துச் சனங்களின் வழித்தோன்றல்கள் நாங்கள். வழியில் விழுந்து மடிந்தவர்களுக்குக் கணக்கு வைத்தவர் இல்லை. மாத்தளை முத்துமாரியம்மன் அந்தப் பாதை நடந்தவர்களின் தெய்வம். அம்மனின் பஞ்சரத பவனியை உலகெங்கிலும் இருந்து வந்து பார்க்கிறார்கள். அந்தக் கோயிலும் 1983 ஜூலைத் தீயைப் பார்த்துவிட்டுத்தான் மீண்டும் எழுந்தது.

அப்பாவின் தமையனார் தோட்டத்தின் தப்புக்காரர். விடியலில் பெரட்டுக்கு ஆள் கூப்பிடுவது அவருடைய தப்பு. சாவு வீட்டில், அம்மன் திருவிழாவில், காமன் கூத்தில் எல்லாம் அவருடைய தப்பு. வைக்கோலைக் கொளுத்தி அந்தச் சூட்டில் தோலைக் காட்டுவார். காய்ச்சிய தோலை ஒரு சுண்டு சுண்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, "இன்னும் கொஞ்சம்" என்பார். நெருப்பில் காயும் தோலின் அந்த வாசனை இன்றும் என் மூக்கில் இருக்கிறது. சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, ரதிக்கு ஓர் அடி. லயத்தில் இருந்தபடியே, கண்ணால் பாராமல், என்ன காரியம் என்று எவரும் சொல்லிவிடுவார்கள்.

அப்பா நகரத்தில் ஒரு கடையில் சிப்பந்தியாகச் சேர்ந்ததால் நாங்கள் மாத்தளை நகருக்கு வந்தோம். பாடசாலையில் நான் படித்த முதற்பாடம், பெரியப்பாவைப் பற்றிப் பேசக்கூடாது என்பது. யாரும் சொல்லித் தரவில்லை. தப்பு என்றால் சாதி என்பதை ஒன்பது வயதுப் பிள்ளை தானாகவே கற்றுக்கொள்கிறது.

1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்க வேண்டும். தலைகளை எண்ணிப் பங்கிட்ட அந்த ஒப்பந்தத்தில் அப்பா ஒரு பங்கிலும் பெரியப்பா மறு பங்கிலும் விழுந்தார்கள். 1982 இல் பெரியப்பா குடும்பம் புறப்பட்டது. தலைமன்னாருக்குப் போகும் அந்தப் புகையிரதத்தை எங்கள் சனங்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். நிலையத்தில் எழுந்த அழுகையைக் கேட்டவர்களுக்கு அந்தப் பெயரின் நியாயம் தெரியும். முந்தைய நாள் பெரியப்பா தப்பை என் கையில் கொடுத்தார். எனக்குப் பன்னிரண்டு வயது.

"அங்க எங்க தங்க வைப்பாங்கன்னு தெரியல. நீ வச்சிரு தம்பி. மழக் காலத்துல அடுப்புக்கு மேல தொங்க விடு" என்றார்.

நான் அதை நகரத்துக்குக் கொண்டுவரவில்லை. பேருந்தில் எடுத்துவர வெட்கம். தோட்டத்தில் சித்தப்பா வீட்டு இஸ்தோப்பில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் படித்தேன். நாட்டார் கலைகள் பற்றிய ஒரு கலந்துரையாடலில் நான் மலையகத்தவன் என்று தெரிந்து, "உமது தோட்டத்தில் தப்படிப்பவர் யார்?" என்று கேட்டார்கள். "யாரோ ஒரு வயசாளி இருந்தார், இந்தியாவுக்குப் போய்விட்டார்" என்றேன். பெரியப்பாவை 'யாரோ' என்று சொன்ன நாள் அது. பத்திரிகையில் சேர்ந்த பிறகு தப்பைப் பற்றி ஒரு விவரணக் கட்டுரையும் எழுதினேன். பாராட்டுக் கடிதங்கள் வந்தன. அந்தக் கட்டுரையிலும் அவர் இல்லை.

இறுவட்டைக் கேட்ட அடுத்த வாரம் தோட்டத்துக்குப் போனேன். சித்தப்பா காலமாகிவிட்டார். தப்பு எங்கே என்று கேட்டேன். சித்தி சிறிது யோசித்துவிட்டுக் கோழிக்கூட்டைக் காட்டினார். தோல் எப்போதோ எலிக்குப் போயிருந்தது. வளையம் மட்டும் கூட்டின் வாசலுக்குச் சட்டமாகக் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. அதைக் கழற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கோழிகளுக்காவது பயன்பட்டதே என்று எண்ணிக்கொண்டு திரும்பினேன்.

2005 இல் ஒரு செய்தியாளர் பயிலரங்குக்காகச் சென்னை சென்றவன், அங்கிருந்து நீலகிரி மாவட்டத்துக்குப் போனேன். கூடலூரையும் தாண்டிப் பந்தலூர்ப் பக்கத்தில், தாயகம் திரும்பியவர்களுக்கென்று தமிழ்நாடு அரசு நட்ட தேயிலைத் தோட்டங்களில் ஒன்றில் பெரியப்பா இருந்தார். டான்டீ என்று சொல்வார்கள். அதே மலை, அதே பனி, அதே கொழுந்து. எழுபதைத் தாண்டிய பெரியப்பா என்னை அடையாளம் கண்டு முகத்தைத் தடவினார்.

கையடக்க இறுவட்டுக் கருவியும் சிறு ஒலிபெருக்கியும் கொண்டுபோயிருந்தேன். என்ன பாட்டு என்று எதுவும் சொல்லாமல் போட்டேன். அவர் கண்ணை மூடி முதற்பாட்டு முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்:

"கட்டு நல்லாத்தான் இருக்கு. தோல இன்னும் கொஞ்சம் காய்ச்சியிருக்கலாம்."

ஆப்ரிக்காண்டோவுக்கு உலகின் எத்தனையோ இசை விமரிசகர்கள் விமரிசனம் எழுதியிருப்பார்கள். இதைவிடச் சுருக்கமான விமரிசனத்தை நான் வாசித்ததில்லை. கொங்கா மேளத்தின் தோலை நெருப்பில் காய்ச்சுவதில்லை, இரும்பு மரையாணியால் முறுக்குகிறார்கள் என்றேன். "அதான் பாத்தேன்" என்றார். பிறகு கிளாவேயின் ஐந்து தட்டையும் தன் தொடையில் தட்டிக் காட்டினார்.

"இந்தக் குச்சிச் சத்தம் நிக்கவே இல்ல பாத்தியா? எல்லாரும் அதப் பாத்துத்தான் நடக்குறாங்க. அதுதான் கங்காணி." சற்றுப் பொறுத்துச் சொன்னார்: "ஆனா ஆள அடிக்காத கங்காணி."

அன்று மாலை அவருடைய பேரனும் நண்பர்களும் கோயிலடியில் தப்படித்தார்கள். பெரியப்பா பழக்கியவர்கள். அக்கம்பக்கத்துத் தமிழ்நாட்டுக்காரர்கள் அதற்கு வைத்திருந்த பெயரைக் கேட்டுத் திகைத்தேன். 'சிலோன் அடி' என்றார்கள். எந்த மண்ணிலிருந்து எங்கள் முன்னோர் தப்பைச் சுமந்து கடல் கடந்தார்களோ, அந்த மண்ணுக்கு அது திரும்பியபோது அந்நிய அடியாகிவிட்டிருந்தது. டக்காரில் கியூப இசைத்தட்டைக் கேட்ட முதல் மனிதனும் இப்படித்தான், 'இது வெளிநாட்டுச் சரக்கு' என்று சொல்லியிருப்பான். போனது அப்படியே திரும்புவதில்லை. போன இடத்து மழையையும் வெயிலையும் பட்டினியையும் வாங்கிக்கொண்டுதான் திரும்புகிறது.

விடைபெறும் வேளையில் பெரியப்பா கேட்டார்: "தம்பி, நம்ம தப்பு இருக்கா?"

பொய் சொல்வதற்கு வாயெடுத்தேன். தொழிலில் எத்தனையோ அமைச்சர்களின் பொய்யை முகத்துக்கு நேரே கேட்டவன் நான். அந்த முகத்துக்கு நேரே என்னால் சொல்ல முடியவில்லை. கோழிக்கூட்டைச் சொன்னேன். நான் நகரத்துக்கு எடுத்துப் போகாததையும் சொன்னேன். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

"தோலு போனா போகுது. தோலு எப்பவும் போகும். வளையம் இருக்குல்ல" என்றார்.

இரண்டு ஆண்டுகளின் பின் அவர் காலமான செய்தி வந்தது. சிலோன் அடியோடு எடுத்தார்களாம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. தப்பைக் கலை என்று இன்று மேடையில் ஏற்றுகிறோம். சரிதான். ஆனால் பெரியப்பாவின் மூத்த மகன், என் அண்ணன், வாழ்நாளில் தப்பைத் தொட்டதில்லை. "எங்கப்பன் அடிச்சான்னா அவனுக்கு வேற வழி இல்ல. எனக்கு இருக்கு" என்று என்னிடமே சொன்னார். அவர் சொன்னதில் பிழையில்லை. நான் தப்பை மறைத்தது வேறு, அவர் மறுத்தது வேறு. அவர் கட்டாயத்தை மறுத்தார். நான் மனிதனை மறைத்தேன். விடியற்காலைப் பனியில் ஆள் கூப்பிட்ட தப்பும், ரதியை ஆட வைத்த தப்பும் ஒன்றுதான் என்பதை மறந்துவிட்டுப் பெருமை பேசுவது எளிது. கரும்புத் தோட்டத்துக் கசையடியை மறந்துவிட்டுச் சல்சா ஆடுவதும் அப்படித்தான். ஆனாலும் ஆடத்தான் வேண்டும். மனிதன் ஆடினானே, அதையும் அல்லவா அந்தத் தாளம் வைத்திருக்கிறது!

2023 இல், மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்த 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. ஜூலை 28 ஆம் திகதி தொடங்கி, முன்னோர் நடந்த வழியே நடந்து, ஆகஸ்ட் 12 ஆம் திகதி மாத்தளையில் நிறைவுற்றது. அன்று நானும் ஊரில் இருந்தேன். குறிப்பேடு கையில் இருந்தது, பழக்கதோஷம். கூட்டத்துக்குள்ளிருந்து தப்பொலி எழுந்தது. எட்டிப் பார்த்தேன். இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தப்பைத் தோளில் மாட்டி அடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய காலும் சும்மா நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், நகரத்துக் கனவான், என்னிடம் திரும்பி, "நன்றாகத்தான் அடிக்கிறாள். யார் பழக்கினார்களோ!" என்றார்.

"தோல் இன்னும் கொஞ்சம் காய வேண்டும்" என்றேன்.

அவர் வியப்போடு பார்த்தார். "உங்களுக்கு இதில் பழக்கமோ?"

"என் பெரியப்பா தப்புக்காரர்" என்றேன்.

அவ்வளவுதான். ஐம்பது வயதைக் கடந்து ஒரு தெருவோரத்தில் சொன்ன இந்த மூன்று சொற்களைச் சொல்வதற்கு எனக்கு ஒரு மாலிக்காரரும் மூன்று செனகல் பாடகர்களும் பாரிஸில் பாத்திரம் கழுவிய ஒரு மருமகனும் தேவைப்பட்டார்கள். பாப் செக் 1995 இலேயே மறைந்துவிட்டார். இப்ராஹிமா சில்லா 2013 இல் மறைந்தார். மாத்தளையில் ஒரு வீட்டு விறாந்தை வரை தங்கள் பாட்டு வந்தது அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

சென்ற வாரம் தோட்டத்துக்குப் போயிருந்தேன். சித்தியும் இப்போது இல்லை. கோழிக்கூடு இடிந்து கிடக்கிறது. வளையத்தைக் கம்பி அறுத்து எடுத்து வந்திருக்கிறேன். ஓரிடத்தில் பூச்சி அரித்திருக்கிறது. மற்றபடி திடமாகவே இருக்கிறது. தோல் கட்டத் தெரிந்தவர் ஒருவர் இரத்தோட்டைப் பக்கம் இருப்பதாகச் சொன்னார்கள். நாளை காலை முதற் பேருந்தில் போகிறேன். வளையத்தைப் பையில் போட்டு மறைக்க முடியாது. கையில்தான் எடுத்துப் போக வேண்டும்.